யோகா விதைத்த, பெயர் தெரியாத டியூலிப்

1

பிள்ளைகளே,

போன ஆடி மாதம் உங்கள் வகுப்புக்கு ஒரு நாள் வந்த மாமாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். மீசை இல்லாத, கறுத்த, உயரமான ஆள். மீசை எனக்கு எப்போதும் உண்டு. அதற்கு முதல் நாள்தான் கீரிமலையில் என் மனைவியின் சாம்பலைக் கடலில் கரைத்திருந்தோம். அதற்காக மழித்திருந்தேன். உங்கள் ராஜி ரீச்சர் என் மனைவியின் தங்கை. என் மனைவி யோகாவும் நீங்கள் படிக்கிற இதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். “அக்கா இருந்து படிச்ச வகுப்பை ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ அத்தான்” என்று ரீச்சர் அழைத்து வந்தார்.

நீங்கள் ஜெர்மனியைப் பற்றி நிறையக் கேட்டீர்கள். பனி விழுந்தால் அதைச் சாப்பிடலாமா, அங்கேயும் காகம் இருக்கிறதா, ரயிலில் எல்லோருக்கும் இருக்க இடம் கிடைக்குமா. எல்லாவற்றுக்கும் ஏதோ பதில் சொன்னேன். பிறகு கடைசி வாங்கில் இருந்து இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை எழும்பியது.

“மாமா, யோகா அன்ரி அங்கை சாமிக்கு என்ன பூ வைச்சவ?”

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ரீச்சர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. நீங்கள் வரிசையாக வெளியே போனபோது அந்தப் பிள்ளை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. தான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கும். பிழை ஒன்றுமில்லை, பிள்ளை. நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

போன மாதம் யோகாவின் ஆண்டுத் திவசம் முடிந்தது. இனி எழுதலாம் என்று தோன்றியது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் ரீச்சர் திருத்தி வாசித்துக் காட்டட்டும்.

2

நாங்கள் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். இருக்கிறோம் என்று எழுதிப் பழகிவிட்டது. இப்போது நான்தான் இருக்கிறேன். எங்கள் ஒரே மகள் சஹானா படித்து முடித்து ஹனோவரில் வேலை செய்கிறாள். இங்கிருந்து ரயிலில் அரை நாள் பயணம்.

வீடு ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். பின்கதவைத் திறந்தால் ஒரு துண்டு நிலம். சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குச் சரளைக்கல் கொட்டியிருக்கும். மழைத்தண்ணீர் சுவரில் ஊறாமல் உடனே கீழே இறங்கவேண்டும் என்பதற்காக இங்கே எல்லா வீட்டுக்கும் அப்படிச் செய்வார்கள். அந்தக் கல்லுக்குள் புல் முளைத்தால் வீட்டு நிர்வாகம் கடிதம் போடும். இந்தச் சரளைக்கல்லை மறந்துவிடாதீர்கள். பிறகு வரும்.

யோகா முதலில் நட்டது பெரிய டியூலிப். நீங்கள் படங்களில் பார்க்கிற, கோப்பை போன்ற சிவப்புப் பூ. முதல் வருடம் நன்றாகப் பூத்தது. அடுத்த வருடம் பூ சிறுத்தது. அதற்கடுத்த வருடம் வெறும் இலை. யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி அவள் அந்த இலைக்கு முன்னால் நின்றாள். அப்போது சனிக்கிழமைச் சந்தையில் கிழங்கு விற்கிற பெண் ஒருத்தி சொன்னாளாம், பெரியவை அப்படித்தான், மனிதர் வளர்த்து வளர்த்து உருவாக்கிய இனம், காட்டு டியூலிப் வாங்கி நடு, அது சின்னது, ஆனால் வருடா வருடம் தானாகத் திரும்பி வரும் என்று.

காட்டு டியூலிப் ஒரு சாண் உயரம்தான். மத்திய ஆசியாவிலும் பாரசீகத்திலும் மலைகளில், கல்லுக்குள் முளைப்பது. அங்கே மாரியில் கடும் குளிர், கோடையில் ஒரு சொட்டு மழை இல்லை. உங்கள் வேலியில் இருக்கிற கார்த்திகைப் பூக்கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு வரும், பூக்கும், பிறகு கொடி காய்ந்து கிழங்கு மண்ணுக்குள் நித்திரை கொள்ளும். இதுவும் அப்படித்தான். பனி கரைந்ததும் வந்து பூத்து, வைகாசி கடைசியில் இலை காய்ந்து காணாமல் போகும். அதற்குப் பிறகு மிச்ச வருடம் முழுக்க அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

அதைத்தான் அவள் சாமிக்கு வைத்தாளா என்றால், அவள் ஒரு பூவைக்கூட ஆயவில்லை. ஆய்ந்தால் விதை வராது என்பாள். கடையில் வாங்கிய செவ்வந்திதான் சாமித்தட்டில் இருக்கும். ஆனால் சித்திரை மாதத்தில் இதழ்கள் உதிரத் தொடங்கும்போது அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டுவந்து பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைப்பாள்.

“நிலத்தில விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாதெல்லே?” என்று நான் கேட்டேன்.

“பவளமல்லி விழுந்துதானே சாமிக்குப் போகுது. அதை ஆர் கேக்கினம்?”

“அது பவளமல்லி.”

“இது இந்த ஊர்ப் பவளமல்லி எண்டு பிள்ளையாருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் விளங்கேல்லை.”

ஆகவே பிள்ளை, உன் கேள்விக்குப் பதில் இதுதான். உதிர்ந்த டியூலிப் இதழ். ஆனால் அன்று எனக்குச் சத்தம் வராமல் போனது இதனால் அல்ல.

3

அவள் நட்டது மூன்று வகை. தார்டா, துர்கெஸ்தானிக்கா, க்ளூசியானா. பெயர்களைக் கண்டு பயப்படாதீர்கள். நான் சொல்லப் பழக ஒரு மாதம் எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னப் பிளாஸ்டிக் பட்டையில் பெயர் எழுதிக் குத்தியிருந்தாள். இங்கே கறுப்பாக ஒரு குருவி இருக்கிறது, மஞ்சள் சொண்டு. அது புழு தேடும்போது பட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போகும். மிஞ்சிய பட்டையில் எழுத்தை வெயில் குடித்துவிட்டது. பிறகு பூவைப் பார்த்துத்தான் பெயர் சொல்லவேண்டும்.

மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற பொடி எழுத்துத் தாளை வாசிக்க நாங்கள் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தோம். அதை எடுத்துக்கொண்டு இருவரும் முழங்காலில் இருப்போம். தார்டா நிலத்தோடு ஒட்டி, நட்சத்திரம் போல விரியும். நடு மஞ்சள், நுனி வெள்ளை. துர்கெஸ்தானிக்கா கொஞ்சம் உயரம். ஒரு தண்டில் ஐந்தாறு சின்ன வெள்ளைப் பூ, கிட்டப்போய் மணந்தால் நல்ல மணமில்லை. க்ளூசியானாவுக்கு வெளி இதழின் முதுகில் சிவப்பு. பூவுக்குள் பார்த்தால் மகரந்தத்தைத் தாங்குகிற காம்புகள் தெரியும். முதல் இரண்டு வகைக்கும் அந்தக் காம்பின் அடியில் பூனைமயிர் இருக்கும். க்ளூசியானாவுக்கு இருக்காது, மொட்டையாக இருக்கும். அந்த மயிர் தெரிந்தால் யோகா “ஓம், இருக்கு, இருக்கு” என்பாள், சின்னப்பிள்ளைக்கு முதல் பல் வந்ததைப் பார்த்தவள் போல.

சஹானா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். படியில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அம்மா, ஏன் இப்பிடி மண்ணில கிடக்கிறீங்கள்? படம் எடுத்தா ஆப் பேர் சொல்லும்.”

அவள் எடுத்தாள். மதியம் க்ளூசியானாவை எடுத்தபோது ஆப் ஒரு பெயர் சொன்னது. பின்னேரம் அதே பூவை எடுத்தபோது வேறு பெயர். வெயிலில் அது வெள்ளையாக விரிந்திருக்கும், வெயில் போனதும் மூடிச் சிவப்பாகிவிடும். யோகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“உன்ரை ஆப் மத்தியானம் ஒரு ஆளையும் பின்னேரம் ஒரு ஆளையும் கட்டுற ஆள் போல.”

சஹானாவுக்குப் பாதிதான் விளங்கியது. என்னவாம் என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டாள். நான் சொல்லவில்லை. இப்படித்தான் எங்கள் வீட்டில் கதை போகும். பாதி அவளுக்கு விளங்காது, மற்றப் பாதி எங்களுக்கு விளங்காது.

4

பூ முடிந்தால் காய் வரும். மூன்று அறை கொண்ட காய். வெடித்தால் உள்ளே விதைகள் அடுக்கி வைத்த குட்டி அப்பளம் போல இருக்கும். யோகா மூன்று வகைக் காய்களையும் ஒரே சாசருக்குள் போட்டு யன்னலில் காயவைத்தாள். ஒரு நாள் காற்றுக்கு எல்லாம் கலந்துவிட்டன.

“இனி எது எது எண்டு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

“பூக்கட்டும். அது தானே பேர் சொல்லும்.”

ஒரு மண்சட்டியில் விதைத்தாள். மாரி முழுக்கச் சட்டி வெளியே குளிரில் கிடந்தது. குளிர் படாமல் இந்த விதை முளைக்காது. அதனால்தான் பிள்ளைகளே, நான் விதை அனுப்பினாலும் உங்கள் முற்றத்தில் முளைக்காது. பங்குனியில் மெல்லிய பச்சை நூல்கள் வந்தன, நுனியில் விதைத் தோலை மாட்டிக்கொண்டு, அசல் வெங்காய நாற்று.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சிவம் அண்ணை இருக்கிறார். ஊரில் வெங்காயமும் புகையிலையும் செய்த மனிதர். இங்கே ஒரு பெரிய சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில். பின்னேரத் தேத்தண்ணி எங்கள் வீட்டில்தான். அவர் சட்டியைக் குனிந்து பார்த்தார்.

“என்ன பிள்ளை, வெங்காயம் போட்டிருக்கிறாய்?”

“இல்லை அண்ணை. டியூலிப்.”

“எப்ப பூக்கும்?”

“அஞ்சாறு வருஷம் செல்லுமாம்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, உன்ரை மனுசி அஞ்சு வருஷம் வெங்காயம் பாக்கப்போறா. நீ ஊறுகாயோட சாப்பிடப் பழகு.”

டியூலிப் கிழங்கு சிறியதாக இருக்கும்வரை வருடத்துக்கு ஒரே ஒரு இலைதான் விடும். அந்த இலை வெயிலில் சேர்த்ததை வைத்துக் கிழங்கு கொஞ்சம் பெருக்கும். பிறகு இலை காயும். அடுத்த வருடமும் ஒற்றை இலை. எந்த வருடம் இரண்டு இலை வருகிறதோ அந்த வருடம்தான் நடுவில் மொட்டு இருக்கும். எனவே ஒவ்வொரு பங்குனியும் யோகா பார்ப்பது ஒன்றைத்தான், இலை ஒன்றா இரண்டா என்று. கோடையில் சட்டி நனைந்தால் கிழங்கு அழுகிவிடும் என்று வீட்டுச் சுவரோரம் சரளைக்கல்லின் மேல் சட்டியை வைத்து, இரண்டு செங்கல்லில் ஒரு பழைய யன்னல் கண்ணாடியைச் சாய்த்து மூடிவிடுவாள். மழை படாது, வெயில் படும்.

அவளுக்கு நோய் என்று தெரிந்தது நாலாவது மாரியில். பங்குனி வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் வேலை முடிந்து போனதும் கட்டிலில் இருந்து கேட்பாள்.

“இலை ஒண்டோ ரெண்டோ?”

“ஒண்டு.”

“எல்லாத்திலயுமோ?”

“எல்லாத்திலயும் ஒண்டுதான்.”

சஹானா என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். “ரெண்டு எண்டு சொல்லுங்கோவன் அப்பா. என்ன வரப்போகுது?” நான் யோசித்தேன். ரெண்டு என்று சொன்னால் அடுத்த நாள் மொட்டு வந்ததா என்பாள், அதற்கடுத்த நாள் என்ன நிறம் என்பாள். எந்தப் பூவை நான் சொல்வது? ஒன்று என்றே சொன்னேன்.

“சரி,” என்றாள் யோகா. “அதுகள் இன்னும் சின்ன வகுப்பில. அவசரமில்லை.”

வைகாசியில் சட்டியில் இலைகள் மஞ்சளாகின. அவளும் அந்த மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

5

இந்த நாட்டில் எதற்கும் முதலில் ஒரு டெர்மின் எடுக்கவேண்டும். டெர்மின் என்றால் குறித்த நேரம். சாவுக்கும்தான். அலுவலகத்தில் நான் சஹானா வருவதற்கு முன்னமே உள்ளே போய், எனக்குத் தெரிந்த ஜெர்மனில், என் மனைவி போய்விட்டாள் என்று சொன்னேன். அங்கிருந்த அதிகாரி அம்மா கணினியைப் பார்த்தபடி, “எந்த நகரத்துக்கு?” என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரி தந்த தாளை நீட்டினேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையைக் காட்டினார்.

இங்கே சாம்பலை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். மயானத்தில் அடக்கம் செய்யவேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால் அங்கே எங்கே அடக்கம் என்று காட்டவேண்டும். இன்னொரு டெர்மின், அதே அம்மாவிடம். அதற்கு சஹானா மொழிபெயர்க்க வந்தாள்.

“அடக்கம் செய்யும் இடம்?”

“கடல்,” என்றேன்.

“கடலில் எந்த இடம்? ஒரு விலாசம் இருக்குமா?”

சஹானா அதைத் தமிழில் என்னிடம் கேட்கத் தொடங்கி, விலாசம் என்ற சொல்லில் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. அந்த அம்மா எழுந்து வந்து அவளுடைய தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். நல்ல மனுசி. பிறகு ராஜி ரீச்சர் கீரிமலையில் கரைக்கலாம் என்று அங்கிருந்து கடிதம் எடுத்து அனுப்பினார். அதை மொழிபெயர்த்து முத்திரை வைத்துக் கொடுத்தோம். அனுமதி வந்தது.

மகள் கீரிமலையில் எங்களோடு நின்றுவிட்டு இரண்டு கிழமையில் வேலைக்குத் திரும்பினாள். நான் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும்வரை ஊரில் நின்றேன். புறப்படும்போது வீட்டுத் திறப்பைச் சிவம் அண்ணையிடம் கொடுத்திருந்தேன். தக்காளிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் விடச் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான் சொன்னது.

6

நான் திரும்பி வந்தபோது தக்காளி காடாக நின்றது. சிவம் அண்ணை ஒவ்வொரு செடிக்கும் பாத்தி கட்டியிருந்தார், ஊரில் கிணற்றுத் தண்ணீர் கட்டுகிற மாதிரி. யோகாவின் சட்டியைப் பார்த்தேன். கண்ணாடி சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சட்டி மண் கறுத்து, பளபளவென்று ஈரமாக இருந்தது.

“நல்ல நேரம் நான் கண்டது,” என்றார் அண்ணை. “ஆரோ மேல கண்ணாடியைப் போட்டு மூடி, மண் வெடிச்சுப்போய்க் கிடந்தது. தங்கச்சி வைச்ச சட்டியைக் காயவிடலாமோ? ஒரு நாளும் தவறவிடேல்லை, தம்பி. காலமையும் விட்டனான், பின்னேரமும் விட்டனான்.”

அவருடைய கண் கலங்கியிருந்தது. தண்ணீர் விடுவதுதான் அந்த மனிதருக்குத் தெரிந்த அஞ்சலி. காய்ந்த மண்ணைக் கண்டால் எங்கள் ஊர்த் தோட்டக்காரன் வாளியைத் தேடுவான். ஒரு பயிரைக் காயவிட்டு வளர்ப்பது என்று அவர் எங்கே கேள்விப்பட்டிருப்பார்?

“நல்லது அண்ணை,” என்றேன்.

அவர் போன பிறகு சட்டியை ஒரு பொலித்தீன் விரிப்பில் கவிழ்த்தேன். கிழங்குகள் இருந்த இடத்தில் நாற்றம்தான் இருந்தது. விரலால் அமத்தினால் சளி போலக் கசிந்தது. தோல் மட்டும் மிஞ்சியிருந்தது. கடைசிக் கட்டி மண்ணையும் உடைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. சட்டியின் அடி ஓட்டையில் வெங்காயத் தண்டு போல ஒரு சுருங்கிய குழாய் சிக்கியிருந்தது. ஏதோ வேர் என்று பிடுங்கி எறிந்தேன். சட்டியைக் கழுவி நிலவறைக்குள் வைத்தேன்.

அண்ணைக்கு நான் சொல்லவில்லை. சொல்லி என்ன? ஆனால் புரட்டாசியில் மகள் வந்தாள். அன்று பின்னேரம் அண்ணையும் தேத்தண்ணிக்கு வந்திருந்தார். சட்டி எங்கே என்று அவள் கேட்டாள். நான் அழுகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

“அழுகினதோ?” என்றார் அண்ணை. “நான் ரெண்டு நேரமும் விட்டனானே.”

சஹானா அவரைப் பார்த்தாள். “உங்களை ஆர் விடச் சொன்னது, மாமா?”

“பிள்ளை, அது காய்ஞ்சு போய்...”

“அது காயத்தான் வேணும். அம்மா கண்ணாடி போட்டு வைச்சவ. அம்மா வைச்சதை நீங்கள் ஏன் எடுத்தனீங்கள்?” அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் போதவில்லை. மிச்சத்தை ஜெர்மனில் சொன்னாள். வேகமாகச் சொன்னாள். அண்ணைக்கு அந்த வேகத்தில் ஜெர்மன் விளங்காது. ஆனாலும் முழுக்க விளங்கியது. கோப்பையை மேசையில் வைத்தார். பாதித் தேத்தண்ணி இருந்தது.

“நான் வாறன் தம்பி,” என்று எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு தரம் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். முழங்கால் நோவு என்றார். சந்தையில் கண்டால் கையை உயர்த்திவிட்டு வேறு பக்கம் திரும்புவார். சஹானாவோ, அவள் ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, குளிரா. நான் ஓம் ஓம் என்பேன். யோகா இருந்தபோது இருவரும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கதைக்கிறது எப்படி என்று நான் பழகவில்லை.

மாரி அப்படிப் போனது. யோகா பெயர் அறியாமல் விட்டுப்போன அந்தப் பூ எதுவென்று இனி ஒருவருக்கும் தெரியவராது என்பதுதான் அடிக்கடி மனதில் வரும். பெரிய துக்கத்துக்குப் பக்கத்தில் இது சின்னது. ஆனால் சின்னது கையில் எடுத்துப் பார்க்கிற அளவில் இருக்கிறது. அதனால் அதையே எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

7

பங்குனியில் வழமைபோலக் கடிதம் வந்தது, சுவரோரச் சரளைக்கல்லில் புல் பிடுங்கும்படி. முட்டுக்கால் பாயைப் போட்டுக்கொண்டு தொடங்கினேன். சட்டி இருந்த இடத்தில் கல்லுக்குள்ளிருந்து ஒரு இலை நீட்டிக்கொண்டிருந்தது. புல் என்று பிடித்தும்விட்டேன். கையில் ஏதோ வித்தியாசம். குளிர்ச்சியாக, தடிப்பாக, மெழுகு பூசினமாதிரி. சாம்பல் கலந்த நீலப் பச்சை. மெல்ல இழுத்தேன், அசையவில்லை. கையை எடுத்துவிட்டு அப்படியே இருந்தேன்.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். வேலை நேரத்தில் அவள் போன் எடுப்பதில்லை. உடனே எடுத்தாள்.

“அப்பா, அது எங்கை?”

“சட்டி இருந்த இடத்துக்குக் கீழ.”

“அசையாதீங்கோ. தொடாதீங்கோ. நான் வாசிச்சிட்டுச் சொல்லுறன்.”

அவள் எங்கெங்கோ தேடி வாசித்துவிட்டுப் பின்னேரம் சொன்னாள். இளம் டியூலிப் கிழங்கு தான் மேலோட்டமாக இருப்பதாக உணர்ந்தால் கீழே ஒரு வெள்ளைக் குழாயை இறக்குமாம். அந்தக் குழாயின் நுனியில் புதுக் கிழங்கு உண்டாகும். பழைய கிழங்கு வற்றிவிடும். இப்படி வருடத்துக்கு வருடம் ஆழம் போகும். சட்டியில் வைத்தால் சிலது அடி ஓட்டைக்குள்ளாலும் இறங்கிவிடுமாம். நான் பிடுங்கி எறிந்த சுருங்கிய குழாய் நினைவுக்கு வந்தது. யோகா ஆஸ்பத்திரியில் இலை ஒன்றா இரண்டா என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒன்று சத்தமில்லாமல் ஓட்டையால் கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. அண்ணை ஊற்றிய தண்ணீர் சட்டியில் தேங்கியது, கல்லில் தேங்கவில்லை.

“அப்பா, எது அது? தார்டாவோ?”

“ஒற்றை இலையைப் பாத்துச் சொல்ல ஏலாது.”

“ஒண்டுதானோ?”

“ஒண்டுதான்.”

 பிறகு, “இப்ப எந்த வகுப்பு அப்பா அது?” என்று கேட்டாள். அம்மா சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அடுத்த வெள்ளி அவளாக ரயில் ஏறி வந்தாள். பையை வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, சரளைக்கல்லில் படுத்தே விட்டாள். எழும்பியபோது கன்னத்தில் கல் அச்சு. அப்படியே வெளியே போனாள். எங்கே போகிறாய் என்றேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்பக்கக் கதவு திறந்தது. முன்னால் சஹானா. பின்னால் சிவம் அண்ணை, குளிர்த்தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாத வீட்டுக்குள் வருகிறவர் போல. அவள் என்ன சொல்லிக் கூட்டிவந்தாள் என்று இன்றுவரை தெரியாது. அண்ணையிடம் கேட்டேன். “என்னவோ சொன்னாள். அவளின்ரை தமிழ் பாதி எனக்கு விளங்கேல்லை. வந்திட்டன்,” என்றார்.

அண்ணை குனிந்து பார்க்கவில்லை. முழங்காலில் இருந்தார். நோவு என்று சொன்ன அதே முழங்கால். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார், எதையும் தொட்டுவிடக்கூடாது என்று.

“வெங்காயம் இல்லை,” என்றார் கடைசியில்.

சஹானா சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு போல இருந்தது. இருந்ததா, எனக்கு அப்படிக் கேட்டதா, தெரியாது.

“தண்ணி?” என்று அண்ணை என்னைப் பார்த்துக் கேட்டார்.

“வேண்டாம் அண்ணை.”

“ஒரு சொட்டும்?”

“ஒரு சொட்டும் வேண்டாம், மாமா,” என்றாள் சஹானா.

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு அது விளங்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் ஆட்டினார்.

8

திவசத்துக்குச் சமைத்து, படைத்து, ஐயர் போனபிறகு பின்னால் போய்ப் பார்த்தேன். இலை மஞ்சளாகியிருந்தது. சில நாளில் நூலாகி, இப்போது காற்றில் போய்விட்டது. யோகா செய்த மாதிரியே செங்கல்லில் அந்தப் பழைய கண்ணாடியைச் சாய்த்து மூடிவிட்டேன்; கீழே பார்த்தால் சரளைக்கல் மட்டும்தான். எத்தனை வருடத்தில் இரண்டாவது இலை வரும் என்று தெரியாது. வராமலும் போகலாம், எலி தின்றுவிடலாம். வந்தால், பூவின் உள்ளே காம்படியில் பூனைமயிர் இருக்கிறதா என்று பார்க்க யாராவது முழங்காலில் இருக்கவேண்டும். அது நானாக இருக்கலாம், சஹானாவாக இருக்கலாம். யோகா அல்ல. அன்று உங்கள் வகுப்பில் எனக்குச் சத்தம் வராமல் போனதும் இதனால்தான். அவள் சாமிக்கு வைத்த பூவைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் வைக்கக் காத்திருந்த பூதான் முன்னால் வந்து நின்றது. அதற்குப் பெயர் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. இங்கே ஆனி மாதத்தில் பகல் வெயிலுக்குப் பிறகு திடீரென்று இடி மழை வரும். ஊரில் என்றால் சிவம் அண்ணை வானத்தைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார். ஒரு மழைக்காக எத்தனை மாதம் அண்ணாந்து பார்த்த மனிதர்.

இப்போது போன் அடிக்கிறது. அவர்தான்.

“தம்பி, மழை வருது. அந்தக் கண்ணாடி மேல கிடக்கோ?”

“கிடக்குது அண்ணை.”

“ஒருக்கா எழும்பிப் போய்ப் பார்.”